செலேயின் நாய் வண்டி ஏறிய நாள்

எங்கள் கடற்கரையில் நாய்க்குக் கழுத்துப்பட்டை கட்டுகிறவனை யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள். பட்டை இருந்தால் சொந்தக்காரன் இருக்கிறான். சொந்தக்காரன் இருந்தால், அந்த நாய் வெள்ளைக்காரர்களின் தட்டிலிருந்து கவ்விக்கொண்டு ஓடும் மீனுக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் ஊர் லாஸ் குவாமுச்சிலெஸில், வீட்டில் தின்று வீட்டில் படுக்கும் நாயாக இருந்தாலும், மணலில் கால் வைத்ததும் அது அநாதை. யாருடைய நாய் என்று வெளியாள் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். யாருடையதும் இல்லை. பேசக் கற்ற குழந்தைகூட அப்படித்தான் சொல்லும்.

செலெதோனியோ இதை எல்லோரையும்விட அடித்துச் சொல்லக்கூடியவன். ஊரில் செலே என்பார்கள். அறுபத்தெட்டு வயது. இடது கண் முழு இருட்டு. வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. எல்லாம் சர்க்கரை செய்த வேலை. சர்க்கரைக்கு அவன் செய்த ஒத்தாசையும் கொஞ்சமல்ல. பதினைந்து வருஷம் தினமும் இரண்டு லிட்டர் கோலா குடித்தான். வேண்டாம் என்று சொல்லப்போன என்னிடம், "தண்ணி குடிச்சா உள்ள துருப்பிடிச்சிரும், ஊசிக்காரி" என்றான்.

இந்த ஊர் சுகாதார நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் உதவி நர்ஸாக இருந்தேன். பெயர் எர்மினியா. ஊர் என்னை தோன்யா எர்மி என்று மரியாதையாகக் கூப்பிடும். செலே மட்டும் ஊசிக்காரி என்பான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அவனுக்கு இன்சுலின் போடுவதும், கால் புண்ணைக் கழுவிக் கட்டுவதும் என் தலையில்தான் இருந்தது.

நாற்பது வருஷம் அவன் சிப்பிக்காகக் கடலுக்குள் இறங்கினான். படகில் காற்று இயந்திரம், அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் போய்ப் பாறையிலிருந்து பெயர்த்து எடுப்பார்கள். அவனைப்போல எடுத்தவன் இந்தக் கரையில் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை, கூட வேலை செய்த நபோர் அடியில் இருந்தபோது செலே மேலே உட்கார்ந்து அவனுடைய குழாயைக் காலால் மிதித்தான். நபோர் நீலம் பாரித்து மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்து இருமினான். செலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விளையாட்டாம். நபோருக்கு இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு இழுக்கும். மனைவி த்ரினி செத்த நாலாம் நாள் செலே அவளுடைய துணிகளை மூட்டை கட்டி விற்றுவிட்டு வந்தான். ஒரு பாவாடையைப் பக்கத்து வீட்டுக்காரி உடுத்திக்கொண்டு எதிரில் வந்தபோது, "இது உனக்கு இடுப்புல நிக்குது, அவளுக்கு நின்னதே இல்லை" என்று சொன்னான். அப்போது அவனுக்குப் பாதிக் கண் இருந்தது.

கண் போன பிறகு அவனுக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று கை. சாயோ கரையில் நடத்தும் ஓலைச் சாப்பாட்டுக் கொட்டகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து தடவித் தடவியே சிப்பி திறப்பான். கண் உள்ளவர்கள் ஒரு டஜன் திறப்பதற்குள் அவன் இரண்டு டஜன் திறந்துவிடுவான். இன்னொன்று நாய். மஞ்சள் நிறம், ஒரு காது கிழிந்தது. அதற்கு அவன் பெயர் வைக்கவில்லை, "ஏய்" என்பான். ஊர்தான் அதற்கு பஸ்தோன் என்று பெயர் வைத்தது. கைத்தடி என்று அர்த்தம்.

ஆனால் கைத்தடி செய்ய முடியாத வேலையை அந்த நாய் செய்தது. செலேயின் வீடு உப்பங்கழிக்கு அந்தப் பக்கம். கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் ஆழத்தில் கடந்துவிடலாம், ஆனால் கடக்கும் இடம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கடல் ஏறும் ஒவ்வொரு தடவையும் மணல் நகரும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆள் முழுகும் ஆழம். கண் உள்ள நாங்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இறங்குவோம். நாய் தன் காலால் அறிந்து இறங்கும். செலே வீட்டில் அதன் கழுத்தில் ஒரு நீல நைலான் கயிற்றைக் கட்டி, பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். இந்தப் பக்கம் மணலில் ஏறியதும் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். அதற்குமேல் அது யாருடைய நாயும் இல்லை. சாயங்காலம் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் திரும்பக் கட்டுவான்.

மகள் ஒத்திலியா தெபிக் நகரத்தில் நாலாவது மாடியில் இருக்கிறாள். கெட்டவள் இல்லை. அப்பனுக்கு ஓர் அறை ஒதுக்கிவைத்துக் கூப்பிட்டாள். அவன் போகவில்லை.

"அங்க போயி என்ன பண்ணுவேன்? ஜன்னலைத் திறந்தா பஸ் சத்தம். கடல் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. செத்துப்போனா எந்தப் பக்கம் தலை வைக்கிறதுன்னுகூடத் தெரியாது."

ஒரு தடவை அவள் ஊருக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தோன்யா எர்மி, நாய் இருக்கிற வரைக்கும் அவர் இஷ்டம். நாய் இல்லைன்னா அன்னைக்கே எனக்குப் போன் போடுங்க. கழியில மிதந்தாருன்னு வேற யாராச்சும் சொல்லி நான் கேட்கக்கூடாது. மறைச்சீங்கன்னா பழி உங்க மேலதான்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். செலேவிடமும் அதைச் சொன்னேன். "நாய்க்கு என்ன கேடு? என்னைப் புதைச்சிட்டுத்தான் அது சாகும்" என்றான்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு வெள்ளை வேன் ஒன்று வந்து பனை மர நிழலில் நின்றது. வீட்டையே உள்ளே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். கனடாக்காரர்கள். அவன் தாடிக்காரன், அவள் தலையில் அகலமான சிவப்புத் தொப்பி. கூட இரண்டு நாய்கள். ஒன்று கரடி மாதிரி சடை விழுந்தது. இன்னொன்று நடக்க முடியாத கிழம். அதைக் குழந்தை தள்ளுவண்டியில் உட்காரவைத்து, வெயில் படாமல் மேலே துணி போட்டு, தொப்பிக்காரி தள்ளிக்கொண்டு வந்தாள்.

மீன் சுடுவது நபோர். சாயோ அவன் தங்கை. கரியை விசிறிக்கொண்டே நபோர் சொன்னான்: "செலே, அதிசயத்தைப் பாரு. கிழட்டு நாயை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வர்றா."

"எனக்கு எங்கடா பார்க்க? நீ நல்லாப் பார்த்துக்கோ. உங்க அம்மாவ ஒரு நாளாச்சும் நீ அப்படித் தள்ளியிருக்கியா?"

நபோர் விசிறியை நிறுத்தினான். பிறகு திரும்ப விசிறினான்.

அன்று அந்த இருவருக்கும் எந்த அவசரமும் இல்லை. தொங்கு ஊஞ்சலில் படுத்தார்கள், இளநீர் குடித்தார்கள், கடலில் இறங்கி வந்தார்கள், திரும்பப் படுத்தார்கள். சடை நாய் மணலைத் தோண்டிக் குழிக்குள் உட்கார்ந்தது. தாடிக்காரன் பந்தை எறிந்தான்; அதை எடுக்க எந்த நாயும் போகவில்லை; அவனே போய் எடுத்து வந்தான். அதற்கும் சிரித்தார்கள்.

மத்தியானம் நபோர் பெரிய சங்கரா மீன் ஒன்றைப் பிளந்து, மிளகாய் பூசி, கம்பி வலையில் சுட்டு அவர்கள் மேஜையில் வைத்தான். சோள ரொட்டி எடுக்கச் சாயோ திரும்பினாள். அந்த நேரத்தில் செலேயின் நாய் போய் முழு மீனையும் கவ்வியது. தட்டு கீழே விழுந்தது. தாடிக்காரன் கத்தினான். சடை நாய் குரைத்தது. மஞ்சள் நாய் மீனோடு ஓடி வந்து செலேயின் மேஜைக்கு அடியில் நுழைந்துகொண்டது. தொப்பிக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள்.

அவர்களுக்குக் கோபமே இல்லை. தாடிக்காரன் கத்தியது சிரிப்பினால். அவள் ஓடி வந்தது, மீன் முள் நாயின் தொண்டையில் குத்திவிடும் என்ற பயத்தில். நாங்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் கரையில் நாயின் பின்னால் ஓடி வருகிறவர்கள் ஒரு காரியத்துக்காகத்தான் ஓடி வருவார்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில் கற்ற மாதிரி எங்கள் மொழியைப் பேசினாள். "மன்னிக்க வேண்டும். இது யாருடைய நாய்?"

"யாரோடதும் இல்லைங்க" என்றான் நபோர்.

"தெரு நாய்ங்க. தானா வரும், தானா போகும்" என்றாள் சாயோ.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் யாருடையதும் இல்லை என்றேன். வாய் அப்படிப் பழகியிருக்கிறது.

"இந்தச் சனியனுக்கெல்லாம் ஆளு ஏதும்மா?" என்றான் செலே. "ஏய், ஓடு!" சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் நல்ல காலால் ஓர் உதை விட்டான். விலாவில் பட்டது. நாய் ஊளையிட்டது, ஆனால் போகவில்லை. சுற்றி வந்து அவனுடைய கட்டுப்போட்ட பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்தது. வேற்று நாயாக இருந்தால் ஓடியிருக்கும். இது படுத்துக்கொண்டு எங்கள் பொய்யைக் காட்டிக்கொடுக்கிறதே என்றுதான் அப்போது எங்களுக்கு இருந்தது. செலேவுக்கும் அதே நினைப்பு. இரண்டாவது உதை இன்னும் பலமாக விழுந்தது. சத்தத்திலேயே தெரிந்தது. நாய் வெளியே உருண்டு வந்தது.

தொப்பிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து, நாயைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு போனாள். அவளுடைய கண் நனைந்திருந்தது. மீனைப் பற்றி அவர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு மீன் சுடச் சொன்னார்கள். அதில் பாதியை முள் எடுத்து மஞ்சள் நாய்க்கு ஊட்டினார்கள்.

இரண்டு மணி வாக்கில் கொட்டகைக் குழாயடியில் நாயை நிறுத்தி நுரை பொங்கக் குளிப்பாட்டினார்கள். அவள் மடியில் படுக்கவைத்து ஓர் இடுக்கியால் உண்ணி எடுத்தாள். எடுத்ததை எல்லாம் ஒரு பாட்டிலில் போட்டாள்.

"செலே, உன் நாய்க்கு சோப்பு போடுறாங்க" என்றாள் சாயோ.

"போடட்டும். ராத்திரி என் பக்கத்துலதானே படுக்குது. மணக்கும்."

"கல்யாணத்துக்குத் தயார் பண்றாங்கய்யா" என்றான் நபோர்.

"பண்ணட்டும்டா. உன் தங்கச்சிக்குக் கிடைச்சதைவிட நல்ல இடமாக் கிடைக்கும். நாய்க்காச்சும் போன வழியில திரும்பி வரத் தெரியும். அவ புருஷனுக்கு அதுகூடத் தெரியலையே."

சாயோவின் புருஷன் வடக்கே வேலைக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அவள் எதிரில் பேசுவதில்லை. அவள் கையிலிருந்த எலுமிச்சைக் கூடையைச் செலேயின் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அன்று அவனிடம் பேசவில்லை.

நாலரை மணிக்கு நான் ஊசியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனபோது பார்த்தேன். நாயின் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. அதற்குமேல் தோல் பட்டை. பட்டையிலிருந்து ஒரு வார் தாடிக்காரனின் கையில் இருந்தது.

"செலே, நாய்க்கு வார் போட்டுட்டாங்க."

"மணல்ல நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. போன வருஷமும் ஒருத்தன் கூட்டிட்டுப் போனான், கொண்டாந்து விட்டான். நீ உன் ஊசியைப் பாரு."

"எனக்கென்னவோ சரியாப் படலை."

"நீ போயி வாயைத் திறந்து, அப்புறம் அந்த மீனுக்கு யாரு அழுவுறது? நீயா? பேசாம குத்திட்டுப் போ."

எனக்கு ஆங்கிலம் வரும். குன்றின்மேல் வீடு கட்டியிருந்த அமெரிக்கக் கிழவி ஒருத்தியை அவள் சாகிறவரைக்கும் ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். பத்து அடி நடந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அன்று காலை கட்டு மாற்றும்போது, "பிள்ளை பெறாதவளுக்கு அடுத்தவன் புண்ணைத் துடைக்கத்தான் கொடுத்துவச்சிருக்கு" என்று சொல்லியிருந்தான். முப்பது வருஷமாகக் கேட்ட பேச்சுதான், அன்று மட்டும் அது மனதில் நின்றது. ஒரு மணி நேரம் பதறட்டும், நாயைத் தேடிக் கத்தட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சைச் சுருட்டினேன்.

தொப்பிக்காரி சாயோவிடம் வந்தாள். "நாங்கள் இவனை எங்களோடு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். யாராவது வருத்தப்படுவார்களா?"

சாயோ செலேயின் முதுகைப் பார்த்தாள். அவன் சிப்பி திறந்துகொண்டிருந்தான். அலைச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது.

"யாரும் வருத்தப்பட மாட்டாங்கம்மா" என்றாள்.

அவள் சாயோவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வேனின் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை. செலே தலையை நிமிர்த்தினான். குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் அவன் ஏமாற மாட்டான். அது ஒரு பெட்டிக்குள்ளிருந்து வந்தது. இன்ஜின் உறுமியது.

"ஏய்!" என்று எழுந்தான். "ஏய்! அது என்னுது! என் நாய் அது!"

மேஜையில் மோதி, சிப்பி ஓடுகளை மிதித்து, வெயிலில் இறங்கி நடந்தான். ஒரு கையில் சிப்பிக் கத்தி. இன்னொரு கையில் சட்டைப்பையிலிருந்து உருவிய நீலக் கயிறு. இரண்டையும் உயர்த்தி ஆட்டிக்கொண்டு போனான். கயிற்றைக் காட்டினால் சொந்தம் புரியும் என்று எண்ணியிருப்பான். வேனில் இருந்தவள் கண்ணுக்கு நாயை உதைத்த ஆள் கத்தியும் கயிறுமாக வருவதுதான் தெரிந்திருக்கும். கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். புருஷனின் தோளை அடித்தாள். வேன் மணலை வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தது. மணல் செலேயின் முகத்தில் விழுந்தது. அவன் அதன் பின்னால் போகிறேன் என்று எதிர்ப்பக்கம் திரும்பிக் கடலை நோக்கி நாலு அடி ஓடி, காலில் தண்ணீர் பட்டதும் நின்றான்.

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு அவனைப் படகில் கொண்டுபோய் விட்டது நபோர்தான். சும்மா விடவில்லை. நடுக் கழியில் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டானாம்: "என்ன செலே, மூச்சு முட்டுதா? கொஞ்சம் பொறு, பழகிடும்." மறுநாள் இதை அவனே எல்லோரிடமும் சொன்னான். யாரும் அவனைக் கண்டிக்கவில்லை.

மறுநாள் காலை சாயோ தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கொட்டகையின் பெயரைப் போட்டுத் தொப்பிக்காரி படம் வெளியிட்டிருந்தாள். வேனின் இருக்கையில் மூன்று நாய்கள். நடுவில் மஞ்சள். கீழே எழுதியிருந்தாள்: "பயணத்தில் இதுவரை கிடைத்த மிக நிம்மதியான நாள். கடல், ஊஞ்சல், சுட்ட மீன். மாலையில் எங்களுக்கு ஒரு மகனும் கிடைத்தான்."

நான் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த நாய்க்கு ஆள் உண்டு, அவருக்குக் கண் தெரியாது, அது இல்லாமல் அவர் தன் வீட்டுக்கே போக முடியாது, தயவுசெய்து திருப்பிக் கொண்டுவாருங்கள், இது எங்கள் தவறு என்று எழுதினேன். பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது.

"நாங்கள் எல்லோரிடமும் கேட்டோம். வெள்ளை முடி அம்மா நீங்கள்தானே? உங்களிடமும் கேட்டேன். அந்த மனிதன் உதைத்ததில் இவனுக்கு ஒரு விலா எலும்பு உடைந்திருக்கிறது, மருத்துவர் படம் எடுத்துக் காட்டினார். கத்தியோடு ஓடி வந்தான். அவன் கையில் மறுபடி கொடுக்க மாட்டோம். இனி எழுதாதீர்கள்."

செலேவிடம் அதை அப்படியே மொழிபெயர்த்துப் படித்தேன். மறைப்பதில் பயன் இல்லை. அவன் நேற்றைய சட்டையோடே கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"எந்த விலா? இடதா வலதா?" என்று கேட்டான்.

"எழுதலை."

"இதுல என்ன பொய் இருக்கு? எல்லாம் நடந்ததுதானே?" என்றான். பிறகு, "எர்மி" என்றான். என் பெயரை அவன் வாயில் அதுவரை நான் கேட்டதில்லை. "ஒத்திலியாவுக்குப் போன் போடாத. மூணு நாளு குடு. எங்கயாச்சும் கதவைத் திறப்பாங்க, குதிச்சு ஓடி வந்துரும். அதுக்கு வழி தெரியும். மூணே நாளு."

கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறினேன், அதற்கு என் குற்ற உணர்ச்சிதான் காரணம், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஊசி போட நான் படகில் போய் வந்தேன். இரண்டு நாளும் அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். எந்த நாய் குரைத்தாலும் கையை நீட்டினான். சாப்பிடவில்லை. ஊசிக்குப் பிறகு சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று சொல்லி வாயில் தேனை ஊற்றினேன். துப்பினான். மறுபடி ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவன் தனியாகக் கழியில் இறங்கியிருக்கிறான். மூங்கில் கம்பு ஒன்று கையில். நாய் வழக்கமாக இறங்கும் இடத்தைக் காலடி எண்ணி வைத்திருந்தான். ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு மணல் ஆறு தடவை நகர்ந்துவிட்டதே. வலை இழுக்கப் போன நபோர்தான் கண்டுபிடித்தான். முகத்துவாரத்தின் பக்கம், மார்பளவு தண்ணீரில், ஓர் அலையாத்தி மரத்தின் வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். கடல் ஏறத் தொடங்கி நேரமாகிவிட்டது. நபோரின் படகுச் சத்தம் கேட்டும் அவன் கூப்பிடவில்லை.

"கூப்பிட்டிருக்கலாம்லய்யா?" என்று கேட்டானாம் நபோர்.

"நீ என்ன பண்ணுவேன்னு யாருக்குத் தெரியும்?" என்றானாம் செலே.

நபோர் அவனைத் தூக்கிப் படகில் போட்டான். அன்று கேலி எதுவும் செய்யவில்லை.

காலில் கட்டு அவிழ்ந்து போய், புண்ணுக்குள் கருஞ்சேறு ஏறியிருந்தது. கழுவி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கழுவி முடித்த கையோடு ஒத்திலியாவைக் கூப்பிட்டேன். செலே பக்கத்தில்தான் படுத்திருந்தான். நான் எண்களை அழுத்தும் சத்தம் அவனுக்குக் கேட்டது. "ஊசிக்காரி" என்று மட்டும் சொன்னான். மத்தியானம் அவள் ஒரு காரோடு வந்தாள். என்னைத் திட்டவில்லை. வியாழக்கிழமை போன நாய்க்கு ஞாயிற்றுக்கிழமை போன் போடுகிறீர்களே என்று மட்டும் கேட்டாள். இரண்டு பைகளில் அவனுடைய வாழ்க்கை அடங்கிவிட்டது. காரில் ஏற்றும்போது அவன் முகத்தைக் கடல் பக்கமாகவே வைத்திருந்தான். கார் திரும்பத் திரும்ப அவன் தலையும் திரும்பியது. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

தெபிக்கில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சேறு ஏறிய புண் அப்படித்தான் முடியும், எனக்குப் பார்த்த அன்றே தெரியும். அவனுடைய வீட்டைக் கழிக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஒருவன் கோழிக்கூடாக வைத்திருக்கிறான். நீலக் கயிற்றைச் செலே வேன் போன அன்றே மணலில் போட்டிருந்தான். நபோர் இப்போது அந்தக் கயிற்றால்தான் படகைக் கட்டுகிறான். நல்ல கயிறு.

இந்த வருஷம் பிப்ரவரியில் வெள்ளை வேன் திரும்ப வந்தது. தள்ளுவண்டி இல்லை, கிழட்டு நாய் செத்துவிட்டதாம். மஞ்சள் நாய் கொழுத்து, முடி பளபளவென்று, கழுத்தில் பெயர் பொறித்த வில்லையோடு குதித்து இறங்கியது. நேராகச் சிப்பி மேஜைக்கு அடியில் ஓடியது. இப்போது அங்கே நபோர்தான் உட்கார்ந்து திறக்கிறான். நாய் அவனுடைய வலது பாதத்தை மோந்தது. விரல்கள் ஐந்தும் இருந்தன. இடது பாதத்தையும் மோந்தது. பிறகு வெளியே வந்து கழிக்கரைக்குப் போனது. இறங்கும் இடத்தைத் தேடவே இல்லை. அன்றைக்கு எங்கே ஆழம் குறைவோ சரியாக அங்கே இறங்கி, வயிறு நனையும் வரைக்கும் போய் நின்று, திரும்பிப் பார்த்தது. பின்னால் ஆள் வருவதற்காகக் காத்திருந்தது.

தொப்பிக்காரி பிஸ்கட் டப்பாவை ஆட்டினாள். இரண்டு தடவை ஆட்டினாள். நாய் திரும்பி வந்தது.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மொழி முன்பைவிட நன்றாக வந்திருந்தது. "அம்மா, அன்று நீங்கள் எழுதினீர்கள். நான் கோபத்தில் இருந்தேன். ஒரு வருடமாக அது என்னைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்லுங்கள். இவனுக்கு இங்கே யாராவது இருந்தார்களா?"

நான் நபோரைப் பார்த்தேன். அவன் சிப்பியைப் பார்த்தான். சாயோ எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லைங்க" என்றான் நபோர்.

"யாரும் இல்லைம்மா" என்றாள் சாயோ.

"நான் தப்பா எழுதிட்டேன். வேற நாய்" என்றேன். அவள் பெருமூச்சு விட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அன்று முழுதும் ஊஞ்சலில் படுத்திருந்தார்கள். நல்ல மீன் கிடைத்தது.

மாதத்தில் முதல் திங்கள்கிழமை செலேவுக்குப் போன் போடுவேன். சர்க்கரை எவ்வளவு, புண் எப்படி, என்ன சாப்பிட்டான், இவ்வளவுதான் கேட்பேன். அவனும் ஒன்றே ஒன்றுதான் கேட்பான். இந்தத் தடவையும் கேட்டான்.

"நாய் வந்துச்சா?"

"வரலை. மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

போடவில்லை. எண்ணிப் பார்த்து ஒத்திலியா எனக்குத் தனியாகச் சொல்லிவிடுகிறாள்.